இந்தத் திங்களுக்குள்ளே

பயப்படுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. சிலருக்குச் சங்கீதம் வரும், சிலருக்குக் கணக்கு வரும். எனக்கு வயிற்றைக் கலக்கும். தபால்காரன் எங்கள் தெருவில் திரும்பினாலே யாரோ போய்விட்டார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவன் எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டில் நின்றுவிட்டால், அங்கே போனது யார் என்று தெரிந்துகொள்ள உடனே ஆசை வந்துவிடும். பயமும் வேடிக்கை பார்க்கிற ஆசையும் எனக்குள் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று என்னை வீட்டுக்குள் இழுக்கும், மற்றது வாசலுக்குத் தள்ளும். நடுவில் நான் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்வேன்.

இப்போது நாற்பத்தைந்து தாண்டியாயிற்று. தலையில் இடிபடாத இடம் கொஞ்சம்தான் பாக்கி. இருக்கிற வீக்கங்களில் பெரியது எது என்று கேட்டால், ஒரு வார்த்தையில் போய் இடித்துக்கொண்டேனே, அதைத்தான் சொல்வேன்.

அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். மைசூரில் கச்சேரி என்றால் பாட்டு நடக்கிற இடம் இல்லை, சர்க்கார் ஆபீஸ். அப்படி ஒரு கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தேன். அந்த வருஷம் தசராவுக்கு வெளியூர்ப் பெரிய மனிதர்கள் நிறையப் பேர் வருவதாகப் பேச்சு. பெரிய மனிதர்கள் வந்தால் முதலில் சின்ன மனிதர்களை ஒளித்துவைக்க வேண்டும் என்பது எந்தச் சர்க்காருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பொட்டலில் முப்பது குடிசைகள் இருந்தன. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களின் குடிசைகள். எல்லாரும் கொள்ளேகால், கௌதள்ளிப் பக்கத்து ஆட்கள். அந்தப் பக்கம் பிரிட்டிஷ் சீமை. மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்ததும் காடு கழனியைப் போட்டுவிட்டு மகாராஜா சீமைக்கு வந்தவர்கள். வாழைத்தாரும் வெல்ல மூட்டையும் அவர்கள் தலையில் ஏறாமல் எந்த மண்டிக்குள்ளும் போகாது. ஆனால் 'வெளிச் சீமைக்காரர்களுக்கு இங்கே என்ன பாத்தியதை?' என்று யாராவது கேட்டால் அவர்களிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

மாசம் பிறந்து நாலாம் நாள், வியாழக்கிழமை. எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நல்ல கன்னடக்காரர், சிரிக்க மட்டும் தெரியாது. "நினகெ திகுளு பருத்தல்லா?" என்றார். உனக்குத் தமிழ் வருமே என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். கன்னடத்தில் எழுதியிருந்த ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்து, "போய் அவர்களுக்குப் புரிகிற மாதிரி வாசித்துவிட்டு வா" என்றார்.

புரிகிற மாதிரி. இந்த இரண்டு சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

தமுக்கு அடிக்கிறவன் முன்னால் போக, நான் பின்னால் போனேன். குடிசைக்காரர்கள் கூடினார்கள். முன்வரிசையில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்று. மார்க்கெட் வாசலில் கூடை வைத்து வெற்றிலை விற்கிற அம்மாள். அவள் புருஷன் மூட்டைக்காரர்களுக்கு மேஸ்திரி. அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. பேச்சை எல்லாம் பெண்டாட்டியிடம் குத்தகைக்கு விட்டிருந்தான். தினமும் நான் அவளிடம்தான் வெற்றிலை வாங்குவேன். கவுளிக்கு மேல் நாலு இலை கொசுறு போடுவாள்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சர்க்கார் குரலில் வாசித்தேன். "இங்கே குடிசை போட்டிருக்கறவா எல்லாரும் இந்தத் திங்களுக்குள்ளே காலி பண்ணணும். இல்லாட்டா சர்க்கார் ஆள் வந்து பிரிச்சுப் போட்டுடுவா."

எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள், மேஸ்திரி பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு வெற்றிலைக்கார அம்மாள் கேட்டாள், "இந்தத் திங்களுக்குள்ளேயேங்களா சாமி?"

"ஆமாம், இந்தத் திங்களுக்குள்ளேயேதான்."

"நாங்க எங்கீங்க போறது? கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதுங்களா?"

"இன்னும் எத்தனை தள்ளணும்?" என்று நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். "தாராளமா டயம் இருக்கேம்மா! நிதானமா மூட்டை கட்டலாம்."

எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை எனக்கு விநோதமாக இருந்தது. கட்டுவிரியன் குட்டிக்கரணம் போட்டால் மனிதர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். மறுநாள் வெற்றிலை வாங்கப் போனால் கூடைக்காரியே இல்லை.

சனிக்கிழமை விடை கிடைத்தது. புரட்டாசி சனிக்கிழமைகளில் எங்கள் பஜனை கோஷ்டி காலையிலேயே கூடும். எல்லாரும் எங்களைப் போல மேல்கோட்டையிலிருந்து வந்து மைசூரில் பல தலைமுறை வேர்விட்ட வைஷ்ணவக் குடும்பத்தார். எனக்கு உத்தியோகம் ஜால்ரா. நல்ல கட்டத்தில் பாகவதர் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகையால் எங்களை எல்லாம் மூன்றாம் வகுப்பாகவே பாவிப்பார்.

"திங்கட்கிழமை காலம்பற எல்லாரும் மார்க்கெட்டுக்குப் பின்னாடி வந்துடணும். தப்பிச்சுக்கற பேச்சே கூடாது."

"என்ன விசேஷம்?" என்றேன்.

"ஏண்டா, உன் கச்சேரி பண்ற அக்கிரமம் உனக்கே தெரியாதா? திங்கட்கிழமை மூட்டைக்காராளோட குடிசையெல்லாம் பிரிக்கறாளாம். வியாழக்கிழமை வந்து சொல்லிட்டு, திங்கட்கிழமை பிரிக்கறதாம்! மசூதிலேர்ந்து வராளாம், சர்ச்சிலேர்ந்து வராளாம். நம்ம கோஷ்டி மட்டும் ஆத்துல உக்காந்து சுண்டல் தின்னுண்டு இருக்கறதா? பெருமாள் காறித் துப்புவார்."

"திங்கட்கிழமைன்னு யார் சொன்னா?"

"எவனோ ஒரு குமாஸ்தாவாம். ஈவு இரக்கம் இல்லாத ஜந்துவாம். அந்த ஏழைகள் கெஞ்சறா, 'தாராளமா டயம் இருக்கே'ன்னு பல்லைக் காட்டினானாம். உனக்குத் தெரிஞ்சவனாடா?"

"பார்த்திருக்கேன்," என்றேன். ஜால்ரா ஒரு கையிலிருந்து நழுவித் தரையில் சுழன்று, பாகவதரின் கால் கட்டைவிரலில் போய் நின்றது.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுத் தமிழ் கன்னடத்தோடு பல காலம் குடித்தனம் நடத்திய தமிழ். அதில் மாசத்துக்குத் 'திங்கள்' என்றுதான் பெயர். கன்னடத்தில் 'திங்களு' என்றால் மாசம். அந்தக் கிழமையை நாங்கள் சோமவாரம் என்போம். நோட்டீஸில் 'ஈ திங்கள ஒளகாகி' என்று இருந்தது. இந்த மாசத்துக்குள். நான் அதை அச்சுப் பிசகாமல் தமிழ் ஆக்கியிருந்தேன். கௌதள்ளித் தமிழில் திங்கள் என்றால் கிழமைதான், வேறொன்றும் இல்லை. இருபத்தாறு நாள் அவகாசத்தை நான் ஒரே மூச்சில் நாலு நாளாகச் சுருக்கி, அதற்கு மேல் 'தாராளம்' என்று சிரித்தும் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி ஸ்ரீரங்கத்துப் பெண். "திங்கள்னா என்ன?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

அவள் அரிவாள்மணையிலிருந்து நிமிரக்கூட இல்லை. "ஏன்னா, கல்யாணம் ஆன புதுசில 'இந்தத் திங்களுக்குள்ளே வந்து அழைச்சுண்டு போறேன்'னு எழுதினேளே, ஞாபகம் இருக்கோ? நான் திங்கட்கிழமை காலம்பறலேர்ந்து பெட்டியோட ரேழியில உக்காந்துண்டிருந்தேன். நீங்க மாசக் கடைசியில வந்தேள். எங்க அப்பா உங்களைப் போலீஸில சொல்லித் தேடலாமான்னு யோசிச்சார். இப்ப யாரைப் பெட்டியோட உக்கார வெச்சிருக்கேள்?"

"முப்பது குடும்பத்தை," என்றேன்.

அவள் அரிவாள்மணையைச் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "போய்ச் சொல்லிட்டு வாங்கோ."

சொல்வது சுலபமா? சொன்னால் தப்பாக வாசித்தவன் என்று கச்சேரியில் சீட்டுக் கிழியும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை ஊரே கூடி, வராத சர்க்காருக்காகக் காத்திருக்கும். அப்போதும் சீட்டுக் கிழியும். இரண்டு பக்கமும் கிழிகிற சீட்டை எந்தப் பக்கம் பிடிப்பது? கொஞ்ச நேரம் கொல்லைப்புறக் கக்கூஸில் உட்கார்ந்து யோசித்தேன். அங்கே யோசிப்பதற்கு எனக்கு வேறு காரணமும் இருந்தது. கடைசியில் வாசலுக்குத் தள்ளுகிற பிள்ளை ஜெயித்தது. மசூதிக்காரர்களும் சர்ச்சுக்காரர்களும் எதற்காக வருகிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் செத்தால்கூட நெஞ்சு வேகாது என்று தோன்றியது.

முதலில் பழமண்டி பாயிடம் போனேன். மார்க்கெட்டை ஒட்டிய சின்ன மசூதியின் காரியங்களை அவர்தான் பார்த்துக்கொண்டார். தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். போனபோது வாழைத்தார்களைத் தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஸ்வாமி. இதெல்லாம் திங்கக்கெழமைக்கு. நம்ம யோசனை கேட்டீங்களா? சாப்பிட உக்காந்த ஆளை எழுப்பறது உங்ககிட்ட உண்டா?"

"இலைக்கு முன்னால உக்காந்தவாளை எழுப்பறதா? மகா பாவம்!"

"எங்ககிட்டயும் அதேதான். தஸ்தர்கான் துணி விரிச்சுச் சாப்பிட உக்காந்தவனை எமனா இருந்தாலும் வெளியே நில்லுன்னு சொல்லணும். அப்ப பாருங்க, குடிசைக் குடிசையா நம்ம ஊர் ஆளுங்க விருந்தாளியா உக்காந்துடுவோம். ஒரு பந்தி எழுந்தா இன்னொரு பந்தி. எவன் வந்து பிரிக்கறான் பார்க்கலாம்!"

எனக்கு வியப்பில் வாய் திறந்தது. சொல்ல வந்ததும் அந்தத் திறப்பில் நழுவிப் போயிற்று. "உங்களுக்கு எதுக்கு பாய் இத்தனை சிரமம்?" என்று கேட்டேன்.

"மூட்டை நீங்க தூக்குவீங்களா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு சீப்பைத் துடைத்தார். "பிளேக் வந்த வருஷம் எனக்கு ஆறு வயசு. எங்க அம்மா மௌத்தானப்ப தூக்க ஆள் இல்லே. சொந்தக்காரன் எல்லாம் கதவைச் சாத்திட்டான். கொள்ளேகால்காரங்க நாலு பேர் வந்து தூக்கினாங்க. என்ன ஜாதி, என்ன மதம், ஒண்ணும் கேக்கலே. எந்தப் பக்கம் கபர்ஸ்தான்னு மட்டும்தான் கேட்டாங்க."

ஒரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ச் சர்ச்சில் ஆராதனை முடிகிற நேரம் பார்த்து வேலியோரம் நின்றேன். அங்கே உபதேசியார் ஒல்லியான மனிதர். அவர் சபையில் பாதிப் பேர் பங்களாக்களில் சமையல்காரர்கள், மீதி ஆயாக்கள். என்னைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

"ஸ்தோத்திரம் ஐயா. உள்ளே வாங்களேன்."

"இங்கேயே இருக்கட்டும்," என்றேன். "நாளைக்கு வரேளாமே? உங்களுக்கும் அவாளுக்கும் என்ன சம்பந்தம்னு தெரிஞ்சுக்கலாம்னு..."

அவர் காதைச் சொறிந்தார். "அந்நியனைச் சேர்த்துக்கொள்ளணும்னு போன ஞாயித்துக்கிழமைதான் ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணினேன். வியாழக்கிழமை அந்த வெத்திலைக்காரம்மா வந்து சபை வாசல்ல நின்னுடுச்சு. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்!" பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க அப்பா சேலத்திலேருந்து ஒரு ரெஜிமென்ட்டோட சமையலுக்கு வந்தார். நாங்களும் வந்தவங்கதான் ஐயா. நாங்க ரயில்ல வந்தோம், அவங்க மாட்டுவண்டியில வந்தாங்க. அம்புட்டுதான் வித்தியாசம்."

அவரிடமும் சொல்ல வாய் வரவில்லை. பயமே முழுக் காரணம் இல்லை என்று இன்றைக்கு நினைத்துக்கொள்கிறேன். அப்போது முழுக் காரணம் பயம்தான். இன்றைக்கு நினைத்துக்கொள்கிற காரணம் இது: நான் சொன்னால் இத்தனை பேரும் 'சரி, மாசக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று கலைந்துவிடுவார்கள். மாசக் கடைசியில் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஆனால் ஒருத்தியிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். ஞாயிறு மத்தியானம் குடிசைக்குப் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன். வெற்றிலைக்கார அம்மாளின் குடிசைக்குப் பாதிக் கூரை இல்லை. கீற்றைப் பிரித்துக் கட்டி வைத்திருந்தாள். அடுக்குப் பானை எல்லாம் கோணிக்குள் போயிருந்தது. தூறல் நேராக அடுப்பில் விழுந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க. அவங்க பிரிச்சா கீத்து கிழிஞ்சு போயிருமுங்க. நாமளே பிரிச்சா ஊருக்காச்சும் கொண்டு போலாம். நாளைக்கு எல்லாரும் வாராங்கதான். நெலச்சா நெலைக்கட்டும், இல்லாட்டி வண்டியேற வேண்டியதுதான். அங்க போயி மண்ணத்தான் திங்கோணும்."

நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். திங்கள் என்றால் மாசம், மாசம் என்றால் திங்கள், எங்கள் வீட்டுப் பேச்சு அப்படி, தப்பு என்னுடையது, நாளைக்கு யாரும் பிரிக்க வரப்போவதில்லை, இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. சொல்லி முடித்ததும் உடம்பே லேசாகிவிட்டது. அவள் சந்தோஷப்படுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவள் இடுப்பில் கை வைத்தாள். "என்ற கோழி?"

"எந்தக் கோழி?"

"முட்டையிடற கோழி அஞ்சு, சாமி! வண்டியில கொண்டு போக முடியாதுன்னு வெள்ளிக்கெழம ஓட்டல்காரனுக்கு வந்த வெலைக்கு வித்துப்போட்டனுங்க. இன்னேரம் கொழம்பாயிருக்கும். அஞ்சையும் பேரு சொல்லிக் கூப்பிடுவேன், வந்து மடியில ஏறும். ஏனுங்க, உங்க ஊட்டுல மாசத்துக்கு மாசம்னு சொன்னா நாக்கு வெந்தா போயிரும்?"

பின்னால் நின்ற அவள் புருஷன் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான். "அதானே," என்றான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நாளைக்கு வர வேண்டாம்னு எல்லாருக்கும் சொல்லிடட்டுமா?" என்றேன்.

அவள் அடுப்பின் மேல் முறத்தைக் கவிழ்த்து மூடினாள். "வேண்டாமுங்க. வாரேன்னவங்கள வராதீங்கன்னு திருப்பி உட்டா, அப்புறம் கூப்பிட்டா வருவாங்களா? மாசக் கடைசியில பிரிக்கறதும் பிரிக்கறதுதானுங்களே. ஆனா பொய் சொல்லிக் கூப்பிட்டு உக்காத்தி வெச்சன்னு எனக்குப் பேரு வரக் கூடாது. நாளைக்கு எல்லாத்துக்கும் முன்னால நீங்களே எந்திரிச்சுச் சொல்லிப்போடுங்க."

"எல்லாருக்கும் முன்னாலயா?"

"தமுக்கு அடிச்சுத்தானுங்களே மொதல்ல சொன்னீங்க?"

திங்கட்கிழமை விடிந்தது. எனக்கு இரண்டு தடவை விடிந்தது போல இருந்தது.

நான் போனபோது பொட்டல் நிறைந்திருந்தது. அப்படி ஒரு கூட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தொப்பி போட்டவர்கள் ஒரு பக்கம், நாமம் போட்டவர்கள் ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை கோட்டைத் திங்கட்கிழமையும் போட்ட சமையல்காரர்கள் ஒரு பக்கம். பக்கம் பிரித்து உட்கார்ந்ததுகூட ஐந்து நிமிஷம்தான். குடிசை சின்னது, ஆள் அதிகம். பாகவதரின் முழங்கால் பாயின் முழங்காலில் முட்டிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டில்தான் சிக்கல் என்று எல்லாரும் பயந்திருந்தார்கள். யார் சமைத்ததை யார் சாப்பிடுவது? பாகவதர்தான் வழி கண்டுபிடித்திருந்தார். ராமநவமிக்குத் தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்போமே, கோசம்பரி. பாசிப்பருப்பை ஊறவைத்து, வெள்ளரிக்காயும் தேங்காயும் போட்டுக் கலந்தால் தீரும். அடுப்பில் ஏறாததற்கு ஆசாரம் இல்லை. "ஆனா உப்பு மட்டும் போடப்படாது," என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். "உப்புச் சேர்ந்தா சமைச்சதுக்குச் சமானம்."

பருப்பு பாகவதர் வீடு, தேங்காய் சர்ச்சு, பழம் பாய். கலந்தது வெற்றிலைக்கார அம்மாள். முதல் பந்திக்கு இலை விழுந்தது. பாகவதர் ஒரு வாய் போட்டுக்கொண்டார். மென்றார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஏம்மா, உப்பு..."

"கம்மியாப் போச்சுங்களா?" என்று அவள் பதறிப்போய்க் கேட்டாள். "உப்பில்லாம விருந்து வெப்பாங்களாங்க? எழவு ஊடா இது?"

பாகவதர் கண்ணை மூடிக்கொண்டார். கோவிந்தனைக் கூப்பிட்டுப் பார்த்திருப்பார். பிறகு கண்ணைத் திறந்து, "சரியாத்தான் இருக்கு," என்று சொல்லி விழுங்கினார். அவர் வாழ்நாளில் விழுங்கியதிலேயே பெரிய கவளம் அதுதான் என்று இன்றும் எனக்கு எண்ணம்.

நான் எழுந்து சொல்ல வேண்டிய நேரம். எழுந்தேன், வேஷ்டியைச் சரிசெய்தேன், உட்கார்ந்தேன். வெற்றிலைக்கார அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி எழுந்தேன். அதற்குள் தெருவில் ஜட்கா வண்டி வந்து நின்றது. எங்கள் அதிகாரி இறங்கினார். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஊரே கூடியிருக்கிறது என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு சுற்றுப் பார்த்தார். "என்ன கூட்டம் இது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

பாய் கன்னடத்திலேயே பதில் சொன்னார். "இன்றைக்குக் குடிசையைப் பிரிக்கப் போகிறீர்களாமே? நாங்கள் விருந்தாளிகள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்."

"இன்றைக்கா?" அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சோமவார அந்த யாரு ஹேளித்து?" திங்கட்கிழமை என்று எவன் சொன்னான்?

எங்காவது ஒரு இடி விழுந்து கவனம் திரும்பாதா என்று பார்த்தேன். மைசூர் வானம் அந்த மாதிரிச் சமயத்தில் உதவுவதில்லை. "நானே ஸ்வாமி," என்றேன். குரல் என்னுடையது இல்லை. எங்கள் வீட்டுப் பூனையினுடையது. கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, எல்லாவற்றையும் சொன்னேன். திங்கள் வேறு, திங்கள் வேறு என்றேன்.

முதலில் சிரித்தவர் உபதேசியார். அப்புறம் பாய். அப்புறம் பொட்டல் முழுக்க. பாகவதர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஜந்து நீதானாடா!" என்றார். மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு இறக்கப்பட்டேன்.

அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்படியானால் எல்லாரும் எழுந்து போகலாமே? இன்னும் மூன்று வாரம் இருக்கிறது," என்றார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். இப்போது யாரும் எதையும் பிரிக்கப் போவதில்லை, விருந்து முடிந்தது, துண்டை உதறிக்கொண்டு போகலாம். உட்கார்ந்தே இருந்தார்கள். பாகவதர் இலையைப் பார்த்தபடி கேட்டார், "மூணு வாரம் கழிச்சு இவா எங்கே போறது?"

"அது நோட்டீஸில் இல்லை."

"அது இல்லாமல் என்ன நோட்டீஸ்?" என்றார் வாத்தியார், விடை எழுதாமல் விட்ட பையனைக் கேட்கிற மாதிரி.

அந்தச் சமயத்தில் வெற்றிலைக்கார அம்மாள் அதிகாரிக்கு எதிரே ஒரு இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, கோசம்பரி வைத்தாள். கன்னடமா தமிழா என்று தெரியாத ஒரு பாஷையில், "உக்காருங்க புத்தி, பசியாறிட்டுப் பேசலாம்," என்றாள். அந்தப் பக்கத்தில் புத்தி என்றால் எஜமான். விருந்து வீட்டில் வேண்டாம் என்று சொல்ல அவரை வளர்த்தவர்கள் பழக்கியிருக்கவில்லை. மனிதர் உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார்.

"உப்பு சரியாயிருக்குங்களா?" என்றாள் அவள், வெகு அக்கறையாக.

அவர் கை அந்தரத்தில் நின்றது. உப்பு தின்ற வீட்டுக்கு இரண்டகம் நினைக்கக் கூடாது என்பதைத் தமிழில் சொன்னால்தான் பலிக்கும், கன்னடத்தில் சொன்னால் பலிக்காது என்று ஒன்றும் இல்லை. இவள் யோசித்துக் கேட்டாளா, பழக்கத்தில் கேட்டாளா? எத்தனையோ தடவை நான் கேட்டுப் பார்த்துவிட்டேன், இன்றுவரை சொல்லவில்லை.

மனம் உருகி அவர் கண்ணீர் விட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் இலையைக் காலி செய்தார், கையைக் கழுவினார், "அர்ஜி எழுதிக் கொடுங்கள்" என்றார். மூன்று கோஷ்டிக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும், குடிசைக்காரர்கள் கைநாட்டு வைக்க வேண்டும், தன் சிபாரிசையும் சேர்த்து மேலே அனுப்புவார். "யார் எழுதுவது?" என்று யாரோ கேட்டார்கள். அவர் விரல் என் பக்கம் நீண்டது. "எழுதி, இவர்களுக்கு வாசித்துக் காட்டு. தமிழில். மாசம் என்று வருகிற இடத்தில் மாசம் என்று சொல்லு."

என் சொந்தக் கச்சேரிக்கு எதிராக என் சொந்தக் கையால் அர்ஜி எழுதினேன். மாசம் என்று வந்த இடத்தையெல்லாம் இரண்டு தடவை அடிக்கோடிட்டேன்.

மேலே போன காகிதம் சீக்கிரம் கீழே வருவதில்லை. மாசக் கடைசி வந்தது. யாரும் பிரிக்க வரவில்லை. தசராவுக்குக் குடிசைகளுக்கு முன்னால் உயரமாக மூங்கில் தட்டி கட்டி, மேலே மாவிலைத் தோரணம் தொங்கவிட்டு மறைத்துவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. வெற்றிலைக்கார அம்மாளிடம் சொன்னேன். "காத்து அடிக்கறதில்லீங்க, அதொண்ணு தேவல," என்றாள். பிறகு, "பெரிய மனுசங்க எல்லாம் தட்டியப் பாத்துட்டுத்தான் போனாங்களா?" என்று கேட்டாள்.

சங்கராந்திக்கு அப்புறம்தான் உத்தரவு வந்தது. அரை மைல் தள்ளி ஒரு மேட்டு நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, முப்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு சதுரம், கையில் ஒரு துண்டுக் காகிதம். மார்க்கெட்டுக்கு நடை அதிகம். மூட்டை தூக்குகிறவனுக்கு அது பெரிய குறைதான். ஆனால் குடியேறின அன்றைக்கு முதல் நடைக்குக் கீற்றுக்கட்டைத் தூக்கினவர்கள் மூட்டைக்காரர்கள் இல்லை. பாய் ஒரு முனை, உபதேசியார் ஒரு முனை. பாகவதர் முன்னால் நடந்து வழி விலக்கினார். அவர் தூக்கமாட்டார், அதட்டுவார்.

எனக்கும் உத்தரவு வந்தது. நோட்டீஸ் வாசிக்கிற வேலையிலிருந்து எடுத்துத் தெருநாய்ப் பிரிவில் போட்டார்கள். நாய்களுக்கு நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

ஆனால் கோழி பாக்கி இருந்தது. அவள் வாயால் மறுபடி கேட்கவே இல்லை. வெற்றிலை எண்ணிப் போடுவாள், கொசுறு மட்டும் போடமாட்டாள். நாலு இலைதானே என்று இருக்கலாம், என்னால் முடியவில்லை. குடியேறின வாரத்தில் ஒரு நாள், நாமமும் பஞ்சகச்சமுமாக, சந்தையில் போய் ஐந்து கோழி வாங்கினேன். ஐயங்கார் கோழி வாங்குவதைப் பார்க்க ஒரு கூட்டமே கூடிவிட்டது. கூடையில் போட்டு, மேலே அங்கவஸ்திரத்தால் மூடி, தலையில் வைத்துக்கொண்டு தேவராஜ மொஹல்லா வழியாக வந்தேன். வாழ்நாளிலேயே நான் தூக்கிய முதல் மூட்டை அதுதான். கழுத்து இப்படி வலிக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

முனையில் சரியாகப் பாகவதர் எதிர்ப்பட்டார். கூடை கொக்கரித்தது.

"என்னடா அது சத்தம்?"

"ஜால்ரா, ஸ்வாமி. ரிப்பேருக்கு எடுத்துண்டு போறேன்."

அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தாளம் தப்பாம பார்த்துக்கோ," என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போனார்.

புது மேட்டில் அவள் வாசலுக்குச் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். கூடையை இறக்கி அங்கவஸ்திரத்தை எடுத்தேன். ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, இறக்கையை விரித்துப் பார்த்து, வயிற்றைத் தடவிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"முட்டை போடுமுங்களா?"

"பேஷா போடும்னு சந்தைக்காரன் சொன்னான்," என்றேன் அவசரமாக. "இந்தத் திங்களுக்குள்ளே போட்டுடுமாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோழியை மடியில் வைத்துக்கொண்டு, கூடைப்பக்கம் கையை நீட்டி நாலு வெற்றிலையை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"எந்தத் திங்களுங்க சாமி?" என்றாள்.